உமையாள் ஆச்சி வீட்டுக் கடல்

நான் வேலை பார்த்த மீன் கடையில் இப்போது ஒரு பெட்டி வந்திருக்கிறது. உள்ளங்கை அளவுதான். அதன் கம்பியைத் தொட்டிக்குள் விட்டுவிட்டால் சூடு, உப்பு, காரத்தன்மை எல்லாவற்றையும் தானே அளந்து செல்போனுக்கு அனுப்பிவிடுகிறதாம். வீட்டுக்காரர் துபாயில் உட்கார்ந்துகொண்டு காரைக்குடி மீனின் சௌகரியத்தை விசாரிக்கலாம். நான் ஓய்வு பெற்ற பிறகு கடையில் சேர்ந்த பெண்கள் இருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். "இந்தப் பெட்டியெல்லாம் இல்லாம எப்படிக்கா பாத்தீக?" என்று கேட்டார்கள். கண்ணால்தான் பார்த்தோம் என்றேன். அது அவர்களுக்குப் பதிலாகவே தெரியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பெட்டி மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. வாளி தூக்கியே தேய்ந்த முதுகு எனக்கு. எந்த இயந்திரம் வந்தாலும் வாசலில் கோலம் போட்டு வரவேற்பேன்.

சொந்த ஊர் நாச்சியாபுரம். விவசாயக் குடும்பம். வேதியியல் படித்துவிட்டு டீச்சர் வேலைக்குக் காத்திருந்தேன். காத்திருந்து அலுத்துப்போய், காரைக்குடியில் சாத்தையா அண்ணன் நடத்திய வண்ண மீன் கடையில் சேர்ந்தேன். நான் மீன் விற்கிறேனா, வளர்க்கிறேனா, மீனுக்கு மருத்துவம் பார்க்கிறேனா என்பது என் அம்மாவுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. "அதைக் கொழம்பு வைக்க முடியாதுன்னா எதுக்குடி அதுக்கு இம்புட்டுப் பாடு?" என்பாள். நியாயமான கேள்விதான்.

அண்ணனின் கடையில் பெரிய வேலை கடல் மீன் தொட்டிகள். வசதியான வீடுகளில் ஆசைக்கு வாங்கி வைப்பார்கள். நல்ல தண்ணீர் மீன் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே பொறுத்துக்கொள்ளும். கடல் மீனுக்கு அந்தப் பழக்கமே இல்லை. கடலில் அதன் பாட்டன் காலத்திலிருந்து தண்ணீர் ஒரே மாதிரி இருந்திருக்கிறது. நாம் அதைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் அடைத்துவிட்டு, அங்கே இருந்த மாதிரியே இங்கேயும் இருக்கிறது என்று அதை நம்ப வைக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் என் வேலை மீனை ஏமாற்றுவது. நாங்கள் வளர்த்தது தண்ணீரைத்தான். மீன் அதில் குடியிருந்தது.

புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு ஒன்று உண்டு. தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்புவார்கள். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது என்று சொன்னால் தலையாட்டுவார்கள். மறுவாரம் போனால் மறுபடியும் உப்புத் தண்ணீர். கடைசியில் நான் சாம்பாரைத் துணைக்கு அழைத்தேன். "சாம்பார் கொதிச்சு வத்திருச்சுன்னா வெறுந்தண்ணி ஊத்துவீகளா, உப்புத் தண்ணி ஊத்துவீகளா?" அதற்குப் பிறகு செட்டிநாட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

சாத்தையா அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குள் போனதும் அவர் எதையும் தொட மாட்டார். ஒரு முக்காலி கேட்பார். தொட்டிக்கு எதிரே அதைப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்காரர்கள் அவர் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். மீன்களோடு மட்டும் மரியாதையாகப் பேசுவார். "என்ன, இன்னைக்கு வெளிய வரலையாக்கும்? சாப்டீகளா?" என்பார். மனிதர்களுக்கு அவரிடம் ஒரே வார்த்தைதான்: "பாப்போம்." மீன் பிழைக்குமா என்றாலும் பாப்போம். நாளைக்கு வருவீர்களா என்றாலும் பாப்போம். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னார் என்று அவர் மனைவியே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

சோதனை செய்வதில் மட்டும் அவரிடம் விளையாட்டு கிடையாது. கண்ணாடிக் குப்பியை முதலில் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். தண்ணீரைக் கோட்டு மட்டத்துக்கு எடுக்க வேண்டும், குனிந்து கண்ணுக்கு நேராகப் பார்க்க வேண்டும். மருந்துப் புட்டியைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் சொட்டு பெருத்துவிடும், கணக்கு பொய்யாகிவிடும். ஒவ்வொரு சொட்டுக்கும் குப்பியைச் சுழற்ற வேண்டும். நிறம் எந்தச் சொட்டில் மாறுகிறதோ அதுதான் கணக்கு. எண்ணும்போது பேசக் கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுப் பெண்கள் "ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்று கேட்பார்கள். எண்ணிக்கை போய்விடும். முதலிலிருந்து ஆரம்பிப்பேன். என் கல்யாணம் தள்ளிப்போனதில் எவ்வளவு மருந்து வீணானது என்பது எனக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும்.

தொட்டியில் சாவு விழுந்தால் முதல் சந்தேகம் நம் கை மேல்தான் விழ வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். வீட்டுக்காரரைக் கேட்பதற்கு முன்னால் எங்கள் வாளி, எங்கள் குழாய், எங்கள் வலை எல்லாவற்றையும் முகர்ந்து பார்ப்பார்.

ஒரு தடவை கோவிலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. பங்காளிகள் எல்லோரும் எங்கெங்கிருந்தோ வந்து வீடு முழுக்க நிறைந்திருந்தார்கள். திடீரென்று தொட்டித் தண்ணீரில் புளிப்புத் தட்டிவிட்டது. அதாவது பி.எச். இறங்கிவிட்டது. மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் மருந்தை எடுத்தேன். அண்ணன் என் கையைத் தடுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். அடுப்புப் புகை, சாம்பிராணி, பூட்டிய சன்னல், உள்ளே அத்தனை பேரின் மூச்சு. அந்தக் காற்றைத்தான் தொட்டியின் காற்று மோட்டார் இழுத்துத் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது. "சன்னலைத் திறக்கச் சொல்லு" என்றார். சன்னல்கள் திறந்தன, சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வெளியே போனார்கள், மீன்கள் கீழே இறங்கின. சொந்தக்காரர்களால் மூச்சு முட்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து அதைவிடச் சுத்தமான நிரூபணம் இல்லை.

இனி உமையாள் ஆச்சி கதைக்கு வருகிறேன்.

கோட்டையூரில் இருக்கும் அவர் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி மட்டும் இருந்தார். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் சேது சிங்கப்பூரில் வேலை. சேது ஊரில் இருந்தபோது ஆசையாக வாங்கி வைத்த கடல் தொட்டி முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் இருந்தது. அதில் ஒரு அனிமோன். பார்த்தால் பெரிய பூ மாதிரி இருக்கும், ஆனால் அது விலங்கு. விரல் விரலாக ஆடும் இதழ்களால் இரையைப் பிடித்து நடுவில் இருக்கும் வாயில் போட்டுக்கொள்ளும். அந்த இதழ்களுக்குள்தான் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடிக் கோமாளி மீன்கள் குடியிருந்தன.

ஆச்சி அதைப் பூ என்றுதான் சொல்வார். இறாலைப் பொடியாக நறுக்கித் தன் கையாலேயே ஊட்டுவார். வெள்ளிக்கிழமை வீட்டில் கவிச்சி கிடையாது. அதனால் அன்று பூவுக்கும் விரதம். நாங்கள் மாட்டச் சொன்ன வடிகட்டிகளைவிட அந்த விரதம்தான் தண்ணீரை நன்றாக வைத்திருந்தது.

சேது போன் செய்யும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய வீட்டில் தாய் தனியாக இருந்தால் எந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வரும்? ஆச்சிக்கோ அந்த வீடும், கோயிலும், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்திப் பேசுவதும்தான் உயிர். அதை நேரடியாகச் சொன்னால் மகன் வருத்தப்படுவான். அதனால் ஒரு சாக்கு வைத்திருந்தார். "பூவை யாருடா பாப்பாக? நான் இல்லாட்டி ஒரு நாள் தாங்குமா? அது இருக்குற வரைக்கும் நான் எங்குட்டும் வர முடியாது."

இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். "நான் அதைக் காப்பாத்துறேன்னு எல்லாரும் நெனைக்கிறாக செல்வி. அதுதான் என்னையக் காப்பாத்திக்கிட்டு இருக்கு."

அந்த மார்கழியில் பூ சுருங்க ஆரம்பித்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது நாளுக்கு நாள் சிறுத்து இதழ்கள் துவண்டன. கண்ணாடியில் பாசி மேயும் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. தொட்டியில் வளர்ந்த சின்ன இறால் ஒன்று தன் ஓட்டை உரிக்கும்போதே செத்துப்போனது. கோமாளி மீன்கள் மட்டும் கல்யாண வீட்டுப் பிள்ளைகளாட்டம் துள்ளிக்கொண்டிருந்தன. பொங்கலுக்குச் சேது வருவதாக இருந்தது. இந்தத் தடவை ஆச்சிக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருந்தார். பூ போய்விட்டது என்றால் ஆச்சிக்குச் சொல்ல வேறு சாக்கு கிடையாது.

நான் வழக்கமான சோதனை எல்லாம் செய்தேன். உப்பு சரி. சூடு சரி. பி.எச்., காரத்தன்மை, கால்சியம் எல்லாம் சரி. அம்மோனியா துளியும் இல்லை. நைட்ரேட், இதற்குமேல் குறையாது என்கிற அளவில். புத்தகத்தில் படம் போடலாம், அவ்வளவு நல்ல தண்ணீர். அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தபடி, "தண்ணி நல்லாத்தான் இருக்கு. அதுதான் பயமா இருக்கு" என்றார்.

அவர் சட்டப்படி எங்கள் வாளிகளைப் பார்த்தோம், வலைகளைப் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை.

"தண்ணி எதாவது மாத்துனீகளா ஆச்சி?" என்று கேட்டேன்.

"இல்ல ஆத்தா. நீங்க சொன்ன அதே மழைத்தண்ணிதான்."

அது உண்மை. வற்றும் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றக் கடையிலிருந்து சுத்தத் தண்ணீர் கேனில் கொண்டுவந்தபோது, பிளாஸ்டிக் கேனை வீட்டுக்குள் விட மாட்டேன் என்றார் ஆச்சி. முற்றத்தில் விழும் மழைத்தண்ணீரைப் பெரிய பீங்கான் ஜாடியில் பிடித்து, கரியில் வடிகட்டி ஊற்றலாம் என்று அண்ணன்தான் ஒப்புக்கொண்டார். ரொம்ப நாளாக அப்படித்தான் நடந்துவந்தது.

அண்ணன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "செல்வி, முதுகெலும்பு உள்ளதெல்லாம் நல்லா இருக்கு. இல்லாததெல்லாம் சாகுது" என்றார். அப்படி ஆள் பார்த்து அடிக்கும் விஷம் எது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது இந்த வீட்டுக்குள் எப்படி வரும் என்றுதான் தெரியவில்லை.

எங்கள் முகத்தைப் பார்த்து ஆச்சி பதறிப்போனார். "மொதல்ல தண்ணியக் குடிங்க ரெண்டு பேரும். பூ குடிக்கிற தண்ணிதான், இனிப்பா இருக்கும்" என்று சொல்லித் தாழ்வாரத்தின் கோடியில் இருந்த ஒரு மூடியைத் திறந்தார்.

செப்பு அண்டா. ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிசு. புளி போட்டுத் துலக்கியிருந்ததில் உள்ளே என் முகம் சிவப்பாகத் தெரிந்தது. செட்டிநாட்டில் செப்பு அண்டா இல்லாத வீடு எது? அதனாலேயே என்ன தண்ணீர் என்று கேட்ட நாங்கள், எதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. மழைத்தண்ணீர் வேறு லேசான புளிப்புத் தன்மை உள்ளது. புளி போட்டுப் பளபளப்பாகத் தேய்த்த செம்பில் அதை ஊற்றி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். ஆள் பார்த்து அடிக்கும் அந்த விஷம் செம்புதான்.

அண்ணன் ஒரு குப்பியில் அண்டாத் தண்ணீரைப் பிடித்து, செம்புக்கான மருந்தைச் சொட்டுவிட்டார். விட்ட உடனே நிறம் மாறியது. தொட்டித் தண்ணீரும் மாறியது, கொஞ்சம் வெளிறலாக.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?" என்றார் ஆச்சி.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். கெட்ட செய்தி சொல்வதை எப்போதும் என் தலையில் கட்டிவிடுவார். "ஆச்சி, இந்த அண்டா எப்பத்துலேர்ந்து?" என்று கேட்டேன்.

"இந்த மழைக்குத்தான் எறக்குனேன். என் கல்யாணத்துக்கு அப்பச்சி குடுத்த சீரு. சேது தம்பி வாரான், பூ நல்லா இருக்கணுமேனு... செம்புத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்றாகள்ல. அந்தச் சாடியக் காட்டியும் இது ஒசத்தில்ல?"

"நமக்கு நல்லது ஆச்சி. பூவுக்கு ஆகாது."

"ஆகாதுன்னா?"

"வெசம் ஆச்சி."

ஆச்சி அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, "தினமும் நானே மோந்து மோந்து ஊத்துனேனே ஆத்தா" என்றார். ஆசையாகக் கொடுத்தது விஷம் என்று ஒரு மனுஷியிடம் சொல்வதற்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் கிடையாது.

அன்று சாயங்காலமே வேலையில் இறங்கினோம். புதிதாக உப்புக் கலந்து, சூடும் உப்பும் சரிபார்த்து, வெள்ளைத் தொட்டி ஒன்றில் நிரப்பினோம். பூவின் அடிப்பாகம் பாறையைக் கவ்விக்கொண்டிருந்தது. இழுத்தால் கிழிந்துவிடும் என்பதால் பாறையோடு தூக்கி மாற்றினோம். பெரிய தொட்டியில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி, வடிகட்டியில் புதுக் கரியும் செம்பை உறிஞ்சும் பஞ்சும் வைத்தோம். மணலும் பாறையும் குடித்த செம்பைத் திரும்பக் கக்கும் என்பதால் தினமும் சோதனை. வீடு இழந்த கோமாளி மீன்கள் பாசி தேய்க்கும் காந்தக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

ஆச்சி வெள்ளைத் தொட்டியின் பக்கத்திலேயே பாய் போட்டுவிட்டார். அனிமோனுக்கு வாய் பிளந்து கிடந்தால் உயிர் போகப்போகிறது என்று அர்த்தம். பிளந்து கிடந்த வாய் போகியன்று லேசாக மூடியது. ஆச்சி என் கையைப் பிடித்து அழுத்தினார். "பொழச்சுக்குமா?" என்று அண்ணனிடம் கேட்டார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

பொங்கல் முடிந்த மறுநாள் நாங்கள் சோதனைக்குப் போனபோது சேது இருந்தார். வெள்ளைத் தொட்டியின் முன்னால் குனிந்து நின்றார். தட்டு அகலப் பூ எலுமிச்சம்பழ அளவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. நாங்கள் கொண்டுவந்த உப்பில் ஏதோ கோளாறு என்று சமாளித்துக்கொள்ளலாம் என நான் முன்பே ஆச்சியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மகன் பக்கம் திரும்பினார்.

"நான்தான் தம்பி. செப்பு அண்டாத் தண்ணிய ஊத்திக் கொல்லப் பாத்தேன்" என்றார்.

சேது கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. தாயின் தோளில் கை வைத்து, "இதுக்குத்தான் ஆத்தா சொல்றேன். தனியா இருந்தா இப்படித்தான் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகும். நாளைக்கு ஒங்களுக்கே ஒண்ணுன்னா யாரு இருக்கா?" என்றார்.

சேது அண்ணன் பக்கம் திரும்பினார். "உண்மையச் சொல்லுங்கண்ணே. இது இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? அது முடியட்டும், அது வரைக்கும் நான் ஆத்தாவ வற்புறுத்தல."

நான் அண்ணனைப் பார்த்தேன். 'பாப்போம்' வரப்போகிறது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் முக்காலியிலிருந்து எழுந்து, வெள்ளைத் தொட்டியில் முகம் படுகிற மாதிரிக் குனிந்து பார்த்தார். வாய் நன்றாக மூடியிருந்தது. இதழ் ஒன்றின் நுனியில் விரலை வைத்தார். அது அவர் விரலை ஒட்டிப் பிடித்தது.

"பொழச்சிருச்சு" என்றார். என் காதை நானே நம்பவில்லை. "இதுக்குக் கெழடு தட்டுறதுன்னு ஒண்ணு கெடையாது தம்பி. தண்ணி கெடாம ஒரு ஆளு பாத்துக்கிட்டா போதும். ஆச்சிக்கு அப்பறமும் இருக்கும். நான், நீங்க, எல்லாரையும் அனுப்பி வச்சுட்டுத்தான் போகும்."

இது ஆறுதலுக்குச் சொன்னது இல்லை. அனிமோன்கள் மனித ஆயுளையும் தாண்டி இருக்கும் என்பது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம். தண்ணீர் விஷயத்தில் அண்ணன் யாருக்காகவும் பொய் சொன்னது இல்லை.

சேது பூவைத் திரும்பிப் பார்த்தார். தான் சொன்ன கெடு இனி முடியவே முடியாது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ரெண்டு டிக்கெட் போட்டுட்டேனே ஆத்தா" என்றார்.

"அதனால என்ன? ரெண்டு சீட்டுலயும் நீயே காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் போ."

சொல்லிவிட்டு ஆச்சி பெரிய தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நின்ற இடத்திலிருந்து கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. சிரிக்கவில்லை. உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மகன் பார்த்துவிடக் கூடாதே என்று நான் நடுவில் போய் நின்றுகொண்டு, நிறம் மாறாத ஒரு குப்பியை வெகுநேரம் சுழற்றிக்கொண்டிருந்தேன்.